கீழ் வரிசையில் மாட்டிய செயின் லாக்

அருளு,

பழைய செயினின் பக்கத் தகட்டில் ஓர் எண் குத்தியிருக்கும். அதைப் பார்க்காமல் கடைக்குப் போகாதே. சேறு அப்பியிருந்தால் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடை, தெரியும். நாலு சக்கர பைக் என்றால் பெரும்பாலும் 520 என்று இருக்கும், சின்ன வண்டியாக இருந்தால் 428. முதல் இலக்கம் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் உள்ள இடைவெளி. பின்னால் வரும் இரண்டும் அகலம். 520 இல்லை, 530 இருக்கிறது, எல்லாம் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடு. அதுவும் பல்லில் உட்காரும், ஆனால் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே ஓடும். கண்ணிகளை எண்ணி வாங்கு. பழைய செயினைப் பக்கத்தில் நீட்டிவைத்து நீளம் பார்க்காதே, அது நீண்டுபோனதால்தானே மாற்றுகிறாய். இவ்வளவையும் நீ கேட்ட அன்றைக்கே போனில் இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். ஒன்பது நாளாக உன்னிடம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

நீ அனுப்பியது இரண்டே செய்தி. "அப்பா, இங்க மாட்டுப் பண்ணையில ஒரு ஏடிவி இருக்கு, நாலு சக்கர பைக்கு. செயின் பல்லு தாண்டுது. ஓனர் என்னையே மாத்தச் சொல்லிட்டாரு. எது வாங்கறது, எப்பிடி மாட்டறது?" என்பது முதலாவது. ஐந்து நிமிஷம் கழித்து அடுத்தது வந்தது: "கை நடுங்குதுப்பா." நான் அப்போது ஒர்க்‌ஷாப்பில் ஒரு பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டுப் போய் வாசலில் உட்கார்ந்தேன். ஐந்து வருஷமாக கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வாழ்த்து அனுப்புவதைத் தவிர என்னிடம் நீ எதுவும் கேட்டதில்லை. நியூசிலாந்துக்குப் போனதைக்கூட உன் சிநேகிதன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்படிப்பட்ட நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி செயினைப் பற்றி. உன் கை ஏன் நடுங்குகிறது என்று உலகத்திலேயே சரியாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். உனக்குக்கூட அது சரியாகத் தெரியாது.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பவில்லை. ஒரு பிரதியைப் பங்குச் சாமியாரிடம் கொடுத்து, கோயிலில் மாதாமாதம் போடும் தாளில் ஒரு வரியும் குறைக்காமல் போடச் சொல்லியிருக்கிறேன். "குடும்ப விஷயமாச்சே, யோசிச்சிக்கோங்க" என்றார். யோசித்ததெல்லாம் போதும் சாமி என்றேன். ஊர் முன்னால் சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டால் அது திருப்பி எடுத்ததாகாது.

முதலில் நீ கேட்டதை முடித்துவிடுகிறேன். நான் உருப்படியாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். செயினை மட்டும் மாற்றாதே. முன்னால் இருக்கும் சின்ன பல்சக்கரம், பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரம், செயின், மூன்றையும் சேர்த்து மாற்று. தேய்ந்த பல்லு கொக்கி போல ஒரு பக்கமாக வளைந்திருக்கும், அதில் புதுச் செயினைப் போட்டால் ஆறு மாதத்தில் அதையும் தின்றுவிடும். சந்தேகமாக இருந்தால் பெரிய பல்சக்கரத்தின் பின்பக்கத்தில் செயினை விரலால் பிடித்து இழுத்துப் பார். பாதிப் பல்லு வெளியே தெரிந்தால் கதை முடிந்தது. சேற்றிலும் சாணியிலும் ஓடுகிற வண்டிக்கு உள்ளே ரப்பர் வளையம் வைத்த செயின்தான் தாங்கும். அதைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவாதே, கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதே, ரப்பர் போய்விடும். தொய்வு ரொம்பக் கம்மியாக வைக்காதே. வண்டியில் ஆள் உட்கார்ந்ததும் செயின் இன்னும் இறுகும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எங்கே அதிகம் இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில் அளவு வை. எவ்வளவு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். புத்தகமெல்லாம் எதற்கு என்று எத்தனையோ பேரிடம் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். நீ புத்தகத்தைப் பார்.

உன் அப்பனுக்குச் செயின் என்றால் எவ்வளவு திமிர் என்று உனக்குத் தெரியும். மூங்கில்துறைப்பட்டு ஆலையில் அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றுகிற பெரிய சங்கிலிகளோடு மல்லுக்கட்டியவன். அப்புறம் கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முப்பது வருஷமாக ஒர்க்‌ஷாப். "அவர் கை வெச்சா அறுவாது" என்று ஊரில் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். உன் அம்மா மட்டும் கண்டுபிடித்துவிடுவாள். "மூஞ்சப் பாரு, பூரிச்சிப் போயிருக்குது" என்பாள். அந்தத் திமிர்தான் இந்தக் கதையில் எல்லாம்.

வெள்ளிமலையில் கிராம நர்சாக அம்மாவைப் போட்டபோது நாம் எல்லோரும் மாறுதல் வாங்கச் சொன்னோம். அவள் கேட்கவில்லை. குவார்ட்டர்ஸிலேயே தங்கிக்கொண்டு, தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் போகாத ஊர்களுக்கெல்லாம் நடந்தாள். மலை சனங்கள் அவளை ஊசியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நீ டிப்ளமா முடித்துவிட்டு, மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து அந்தப் பழைய நாலு சக்கர பைக்கை வாங்கி வந்தாய். ஞாயிற்றுக்கிழமை அருவிக்கு வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டலாம், மற்ற நாளில் அம்மாவைக் கொண்டுபோய் விடலாம் என்றாய். அந்த வண்டி ஒருவர் ஓட்டுவதற்குச் செய்தது. பின்னால் இருப்பது சாமான் வைக்கும் கம்பித்தட்டு. அதன் மேல் தலையணையைக் கட்டி அம்மாவை உட்கார வைத்தோம். இந்த வண்டியில் இரண்டாவது ஆள் ஏறக் கூடாது என்று மெக்கானிக்கான எனக்குத் தெரியும். முதல் நாள் அவள் ஏறி உட்கார்ந்து, "ராணி மாரி இருக்கேனா?" என்று கேட்டபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஐந்து வருஷத்துக்கு முன் அந்த வண்டியில் செயின் பல்லு தாண்டுகிறது என்று நீ போன் செய்தபோது, நானே வருகிறேன், நீ எதையும் தொடாதே என்றேன். புதுச் செயினைப் பையில் போட்டுக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். அன்றைக்குத் தடுப்பூசி நாள். அம்மா வெள்ளைப் புடவை கட்டி, ஐஸ் வைத்த பெட்டியோடு தயாராக நின்றாள். ஒர்க்‌ஷாப்பில் என்றால் பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்துப் பல்லின் மேலேயே இரண்டு முனையையும் கொண்டுவந்து சேர்ப்பேன். அந்த வண்டியில் கம்பித்தட்டும் மறைப்புத் தகடும் கையை உள்ளே விடவில்லை. அவற்றைக் கழற்ற அரை மணி நேரம் ஆகும். எனக்குப் பொறுமை இல்லை. வண்டியைக் கல்லின் மேல் தூக்கி வைத்து, சாக்கை விரித்து, மல்லாந்து படுத்து அடியிலிருந்து வேலை பார்த்தேன். உள்ளே இருட்டாக இருந்தது. அம்மா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்தாள். வேலை முடிந்து நான் எழுவதற்குள், நீ முன்பக்கம் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிவிட்டு வந்து எங்கள் இருவரையும் குனிந்து ஒரு படம் எடுத்தாய். "அப்பா மெக்கானிக், அம்மா லைட்மேன்" என்று எழுதி எனக்கும் அனுப்பினாய்.

இனி சொல்வதைக் கவனமாகப் படி. செயினின் இரண்டு முனையையும் சேர்க்கிற கண்ணிக்கு லாக் என்று பெயர், உனக்குத் தெரியும். அதன் வெளித்தகடு கழன்று விழாமல் இருக்க மேலே ஒரு சின்ன கிளிப் போடுவோம். பார்க்க மீன் மாதிரி இருக்கும். தலைப்பக்கம் மூடி வளைந்திருக்கும், வால்பக்கம் பிளந்திருக்கும். செயின் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் தலை இருக்க வேண்டும். வால் முன்னால் இருந்தால், எதிரே வருகிற கல்லோ குச்சியோ பிளந்த வாயில் தட்டி ஒருநாள் கிளிப்பைக் கழற்றிவிடும். மேல் வரிசையில் செயின் முன்னோக்கி ஓடும். கீழ் வரிசையில் பின்னோக்கி ஓடும். முப்பது வருஷமாக மேலே மாட்டி மாட்டி, ஹெட்லைட் இருக்கிற பக்கம் தலை என்று என் கைக்குப் பழகிவிட்டது. அன்றைக்கு நான் மாட்டியது கீழ் வரிசையில். கை தன் பழக்கத்துக்குத் தலையை ஹெட்லைட் பக்கம் வைத்து அமுக்கியது. டக்கென்று உட்கார்ந்த சத்தம் கேட்டது. முடிந்தது என்றேன்.

அம்மா எழுந்திருக்கவில்லை. "இன்னொரு தடவ பாத்துடுங்களேன்" என்றாள். அவள் ஊசி போடுவதை நீ பார்த்திருக்கிறாய். மருந்தைக் கையில் எடுக்கும்போது ஒரு தடவை பெயரைப் படிப்பாள், ஊசியில் ஏற்றும்போது ஒரு தடவை, போடுவதற்கு முன் ஒரு தடவை. மூன்றாவது தடவை வாய்விட்டுப் படிப்பாள், குழந்தையின் அம்மாவுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக. அவ்வளவு வருஷ சர்வீஸில் ஒரு தடவைகூட அதை விட்டதில்லை. நான் சாக்கிலிருந்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, "இது இன்னா ஊசியா? செயினு. நான் மாட்டுனா மாட்டுனதுதான்" என்றேன். "செரி செரி, கோச்சிக்காதீங்க" என்று டார்ச்சை அணைத்தாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அரை நிமிஷம் குனிந்து பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், ஏனென்றால் தப்பு தெரியாதவன் இல்லை நான்.

அதற்கப்புறம் ஓடையைத் தாண்டி அந்த ஏற்றத்தில் நடந்ததை நீதான் சொன்னாய். ஆஸ்பத்திரி வராந்தாவில், சட்டையெல்லாம் செம்மண்ணாக நின்றுகொண்டு, "செயின் அறுந்துடுச்சிப்பா. வண்டி பின்னாடி வந்துடுச்சி. பிரேக்க புடிச்சேம்பா, கவுந்துடுச்சி" என்றாய். நீ ஒரு பக்கம் விழுந்தாய், அம்மா வண்டிக்கு அடியில். மலை சனங்கள் போர்வையில் மூங்கிலைக் கோத்து, தார் ரோடு வரைக்கும் அவளைத் தூக்கி வந்தார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. உன் பெரிய மாமா எலவனாசூர்கோட்டையிலிருந்து ஆட்களோடு வந்து நின்றார். தங்கச்சியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், "இன்னா வேகத்துலடா ஏத்துன?" என்று உன்னைக் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் உனக்காகப் பேசுவேன் என்று பார்த்தாய். நான் சொன்னேன்: "நான் போட்ட செயின் சும்மா அறுவாதுடா. நீ முறுக்கி இருப்ப." மாமா உன்னைக் கன்னத்தில் அறைந்தார்.

அந்த நேரத்தில் நான் பொய் சொல்லவில்லை, அருளு. என் கையைப் பற்றி அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் அதுவும் போயிற்று. வண்டியைக் காட்டச் சொல்லி ஒரு போலீஸ்காரர் என்னை மேலே கூட்டிப்போனார். ஏற்றத்தின் நடுவில் செயின் விழுந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒரு கண்ணிகூட அறுந்திருக்கவில்லை. லாக்கில்தான் விட்டிருந்தது. லாக்கின் இரண்டு இரும்பு பின்னும் முழுசாக இருந்தன, வெளித்தகடும் இல்லை, கிளிப்பும் இல்லை. செயினைக் கையில் பிடித்தபடியே, சாக்கின் மேல் மல்லாந்து படுத்திருந்தது நினைவுக்கு வந்தது. கீழ் வரிசை என்பதும் நினைவுக்கு வந்தது. உறுதி செய்துகொள்ள என் சட்டைப் பையிலேயே ஒன்று இருந்தது, அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன். செய்துகொண்டேன்.

மேல்காட்டில் தினைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த ஒருவரைப் போலீஸ்காரர் விசாரித்தார். "வண்டி பயங்கரமா கத்திச்சிங்க. அப்புறம்தான் உழுந்த சத்தம்" என்றார் அவர். பாவம், கேட்டதைச் சொன்னார். செயின் கழன்றதும் இஞ்சினுக்கு இழுவை போய்விடும், கொடுத்திருந்த ஆக்ஸிலேட்டருக்கு அது தானாகவே கத்தும். ஏற்றத்தில் எல்லோரும் கொடுக்கிற அளவைத்தான் நீயும் கொடுத்திருந்தாய். போலீஸ்காரர் என் பக்கம் திரும்பி, "வண்டியில எதனா கோளாறாங்க?" என்றார். அதற்கு நான், "இல்லைங்க. நேத்துதான் நானே பாத்தேன். பையன் ஜாஸ்தி முறுக்கிட்டான்" என்றேன். இது பொய். தெரிந்தே, முழு நினைவோடு, உன் தலையில் இறக்கிவைத்த பொய். அவர் எழுதிக்கொண்டார். நான் செயினைச் சாக்கில் சுற்றிக்கொண்டு இறங்கினேன். வரும் வழியில் ஒரு பெண் தடுப்பூசிப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டி உடையவில்லை. ஐஸ் மட்டும் கரைந்திருந்தது.

அன்று சாயங்காலம்தான் அடக்கம். குழிக்குள் பெட்டியை இறக்கியதும் எல்லோரும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். நீ குனிந்து மண்ணை அள்ளினாய். மாமா உன் கையைத் தட்டிவிட்டார். "நீ போடாத. நீ போட்டது போதும்" என்றார். மண் உன் காலடியிலேயே சிதறியது. நீ மறுபடியும் என்னைப் பார்த்தாய். எனக்கு அப்போது எல்லாம் தெரியும். காலையிலேயே தெரியும். நான் குனிந்து என் பங்கு மண்ணை அள்ளிப் போட்டேன். அம்மாவைக் கொன்ற கை மண் போட்டது, அவளை அத்தனை ஊருக்கும் சுமந்துபோன கை சும்மா நின்றது. ஐந்து வருஷமாக எனக்குள் ஓடுவது அந்த ஒரு நிமிஷம்தான். வண்டி கவிழ்ந்தது கைத்தவறு. இது அப்படி இல்லை.

அடுத்த மாதம் கோயில் தாளில் அம்மாவுக்கு இரங்கல் போட்டு, கீழே இளைஞர்களுக்கு வேகத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தார்கள். உன் பெயர் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பூசை முடிந்து எல்லோர் கையிலும் அந்தத் தாள் இருந்தது. உனக்கும் ஒன்று கொடுத்தார்கள். நீ அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். அந்த வாரமே சென்னைக்குப் போகிறேன் என்றாய். உளுந்தூர்பேட்டை வரைக்கும் நான்தான் பைக்கில் கொண்டுவந்து விட்டேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. டீக்கடை ஓரத்தில் நின்றோம். நீ என் முகத்தைப் பார்க்காமல், "நான் வேணும்னு செய்யலப்பா" என்றாய். சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். அப்போது பஸ் வந்தது. "பஸ்ஸு வந்துடுச்சி, ஏறு" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். போலீஸுக்குப் பயந்து இல்லை. ஒர்க்‌ஷாப் பெயர் போய்விடும் என்றும் இல்லை, அப்படி ஒரு நினைப்பு முதல் வாரத்தில் வந்ததை மறைக்கவில்லை. அவள் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாளே, நான் எரிந்து விழுந்தேனே, அதை ஒருவரிடம் சொன்னால் அப்புறம் நான் எழுந்து நடமாட முடியாது என்று பட்டது. நீ சின்னப்பிள்ளை, உனக்கு வயசு இருக்கிறது, மறந்துவிடுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். சென்னையில் இருந்த காலமெல்லாம் நீ ஒரு சைக்கிளைக்கூடத் தொடவில்லை என்று உன் சிநேகிதன் சொன்னான். கேட்டுக்கொண்டேன், சாப்பிட்டேன், தூங்கினேன். இப்படி ஒரு அப்பன் இருப்பானா என்று ஊர் கேட்கும். இருக்கிறான்.

உன் செய்தி வந்த மூன்றாம் நாள் எலவனாசூர்கோட்டைக்குப் போனேன். மாமா வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "வா மாப்ள, உள்ள வா" என்றார். வீட்டுக்குள்ளே வர மாட்டேன், இங்கேயே கேளுங்கள் என்று நின்றபடியே முழுசும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்துத்தான் போனேன். அடித்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ள மண்ணு எடுத்தானே மாப்ள. நான் தட்டி வுட்டேனே" என்றார். அதையே மூன்று நான்கு தடவை சொன்னார். அப்புறம் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. நானாகவே வந்துவிட்டேன். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். முடிந்துபோன விஷயத்துக்கு இப்ப இன்னாங்க என்று கேட்டார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டு வந்தேன். சாக்கில் சுற்றிய செயின் பரணில் இருக்கிறது. நீ வந்தால் காட்டுவேன், வரச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். கிளிப் லாக் வேண்டாம். கிளிப் இல்லாமல், முனையை அடித்து நசுக்கிப் பூட்டுகிற லாக் கிடைக்கும், அதற்கென்று ஒரு கருவி இருக்கும், பண்ணையில் இல்லாவிட்டால் கடையில் கொடுத்து அடித்து வாங்கு. கிளிப்தான் கிடைக்கிறது என்றால், எத்தனை தகடு மறைத்தாலும் கழற்றிப் போட்டுவிட்டு, பின் பல்சக்கரத்தின் மேல் வைத்து மாட்டு. மாட்டியதும் சக்கரத்தைக் கையால் முன்னோக்கி மெதுவாகச் சுற்று. லாக் மேலே வரும், முன்னால் போகும், கீழே இறங்கிப் பின்னால் வரும். ஒவ்வொரு இடத்திலும் மீன் தலையை முன்னே வைத்து நீந்துகிறதா என்று பார். அம்மா பார்க்கிற மாதிரி மூன்று தடவை பார். மூன்றாவது தடவை வாய்விட்டுச் சொல், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் சொல். நாலு சுற்று ஓட்டிவிட்டு இறங்கி மறுபடியும் பார். பின்னால் யாரையும் ஏற்றாதே. கெஞ்சினாலும் ஏற்றாதே.

கடைசியாக ஒன்று. உன் வாட்ஸ்அப்பில் ஐந்து வருஷமாக மாறாமல் ஒரு படம் இருக்கிறது. வட்டத்துக்குள் அம்மாவின் கை மட்டும் தெரியும், டார்ச்சைப் பிடித்தபடி, கடிகாரத்தை நர்சுகள் கட்டுகிற மாதிரி உள்பக்கம் திருப்பிக் கட்டியபடி. அவளுடைய கடைசிப் படம் என்பதால் வைத்திருக்கிறாய். ஒவ்வொரு தடவை உன் பெயரைத் தொடும்போதும் அது என் முன்னால் வந்து நிற்கும். அன்று காலையில் நீ எடுத்த முழுப் படமும் உன்னிடம் இருக்கும். அந்த ஏற்றத்தில், போலீஸ்காரர் என் பக்கம் திரும்புவதற்குள் சட்டைப் பையிலிருந்து எடுத்து, என் போனில் நான் திறந்து பெரிதாக்கிப் பார்த்தது அதைத்தான். நீயும் இப்போது திற. கடிகாரத்துக்குக் கீழே, டார்ச் வெளிச்சம் நேராக விழுகிற இடத்தில், புதுச் செயின் பளபளவென்று தெரியும். விரலால் விரித்துப் பெரிதாக்கு. அதில் ஹெட்லைட் எந்தப் பக்கம், மீனின் தலை எந்தப் பக்கம் என்று பார். அது கீழ் வரிசை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்.

பார்த்துவிட்டு உன் கையைப் பார், அருளு. அது ஒரு தப்பும் செய்யாத கை. நடுங்க வேண்டிய கை அந்தப் படத்திலேயே இருக்கிறது, அம்மாவின் கைக்குப் பக்கத்தில், கிரீஸோடு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு.

அப்பா